சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) திடல் குறிப்புகள்

ஏப்ரல் 6, திங்கள்

மழை. திடலில் கணுக்கால் அளவு தண்ணீர். பயிற்சி இல்லை.

ஏப்ரல் 7

இன்றும் மழை. அக்கா மகள் பாப்பா சும்மா இருப்பாளா? முன்வாசலில் முட்டியை நெஞ்சு வரைக்கும் தூக்கித் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். "சிமெண்டுல குதிச்சா முட்டி என்னத்துக்கு ஆகும்?" என்று அக்கா உள்ளே இருந்து கத்தினாள். நான் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

பாப்பாவுக்கு விளையாட்டு உபகாரச் சம்பளம் பற்றி ஒரு தனியார் பள்ளியிடமிருந்து வரவேண்டிய கடிதம் வரவில்லை. இந்தக் காலத்தில் யார் தபாலில் அனுப்புகிறார்கள், ஈமெயிலில்தான் வரும் என்றால் அக்கா கேட்பதில்லை. காகிதத்தில் முத்திரை குத்தி வந்தால்தான் அவளுக்குக் கடிதம்.

ஏப்ரல் 9

ஸ்பைக் காலணியில் முன் ஆணி ஒன்று கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. பழைய ஜோடியிலிருந்து ஒன்றைத் திருகி எடுத்து மாட்டினேன். உயரம் ஒத்துவரவில்லை. சனிக்கிழமைக்கு இதுதான்.

ஏப்ரல் 11, சனி

ஈப்போ, அழைப்புப் போட்டி. நடத்துவது அந்தத் தனியார் பள்ளியேதான். நம் பிள்ளைகள் வேனை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக ஓடுபாதையில் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தார்கள். சிவப்பு ரப்பர். வெயிலில் லேசாகக் கொதித்தது. புல்லிலேயே ஓடிப் பழகிய கால் அதில் எப்படித் துள்ளும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கு இன்று தெரிந்தது.

800 மீட்டரில் பாப்பா இரண்டாவது. கடைசி வளைவு வரைக்கும் பக்கத்திலேயே இருந்தாள். அப்புறம் அந்தத் தனியார் பள்ளிக்காக ஓடும் பிள்ளை விலகிப் போய்விட்டாள். அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். போன வருடம் செம்மோர் பக்கத்திலிருந்து அரசாங்கப் பள்ளிக்காக ஓட வந்தவள். வெள்ளைப் பள்ளிக்கூடக் காலணி, அதன் ஒரு பக்கம் பசை விட்டு வாயைப் பிளந்திருந்தது. இன்று முட்டிக்குக் கீழே நீல நிறப் பட்டை ஒட்டி, ஐஸ் பெட்டியோடு ஒருவர் பின்னாலேயே நடக்கிறார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, "அங்கிள், நல்லா இருக்கீங்களா?" என்றாள். நல்ல பிள்ளை. அவள் மேல் எனக்கு என்ன கோபம்?

கோபம் வேறு இடத்தில். அந்தப் பள்ளியின் சட்டை போட்டு மேடையேறிய பிள்ளைகளில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்த முகங்கள். ஒவ்வொருத்தரையும் வேறு ஏதோ ஒரு திடலில், வேறு சட்டையில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஓடக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்கள் இன்று பார்வையாளர் பக்கம் உட்கார்ந்து கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வேனில் பாப்பா யாரோடும் பேசவில்லை. ஆணியின் உயரத்தைப் பற்றி நானும் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 12

தூக்கம் வரவில்லை. கைப்பேசியில் எதையோ தேடப் போய் விடிந்துவிட்டது. தனியார் பள்ளி பிள்ளைகளை இழுப்பது நம் ஊர்த் தலைவலி மட்டும் என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் இதற்காகவே வருடக்கணக்கில் அடித்துக்கொள்கிறார்கள்.

அங்கே போட்டிப் பிரிவைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கிறார்கள். பெரிய பள்ளியோடு பெரிய பள்ளி, சின்னதோடு சின்னது. அரசாங்கப் பள்ளிக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குள் குடியிருக்கும் பிள்ளைகளை வைத்துத்தான் அணி. தனியார் பள்ளிக்கு எல்லை கிடையாது, எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். அதனால் எண்ணிக்கையில் சின்னதாக இருக்கும், விளையாட்டில் பெரியதாக இருக்கும். இல்லினாய் மாநிலத்தில் 2005-இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள்: எல்லை இல்லாத பள்ளியின் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கு. 600 பிள்ளைகள் இருந்தால் 990 என்று வைத்துக்கொண்டு மேல் பிரிவில் போய் விளையாடு. டெக்சஸில் அந்தப் பெருக்கலும் வேண்டாம் என்று பெரும்பாலான தனியார் பள்ளிகளுக்குத் தனிச் சங்கமே இருக்கிறது. நியூ ஜெர்சியில் அரசு சாராத பள்ளிகளுக்குத் தனிக் கோப்பை.

1.65 நல்ல எண். யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஆனால் ஏழைப் பிள்ளைகளை வைத்து ஒரு தேவாலயம் நடத்தும் சின்னப் பள்ளிக்கும் அதே 1.65 என்றால் அது என்ன நியாயம்? அதற்கும் பிறகு வழி செய்திருக்கிறார்கள். ஜெயிக்காத பள்ளிக்கு விலக்கு உண்டு.

நம் ஊரில் இந்த எண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? இங்கே 15 வயதுக்குக் கீழ், 18 வயதுக்குக் கீழ் என்று வயதுதான் கணக்கு. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியும் முந்நூறு பேர் படிக்கும் பள்ளியும் ஒரே கோட்டில் நிற்கும். பெருக்குவதற்கு ஒன்றுமே இல்லை.

ஏப்ரல் 13

செம்பனை எண்ணெய் மில்லில் இரட்டை ஷிஃப்ட். கால் வீக்கம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைப் புத்தாண்டு. கோயிலில் கூட்டம். சாப்பாட்டுக்கு அக்கா வீடு. சித்தப்பா வழக்கம்போல 1998-ஐ ஆரம்பித்தார்: கோலாலம்பூர் காமன்வெல்த், 50 கிலோமீட்டர் நடை, ஜி. சரவணன் தங்கம். அன்றைக்கு டிவி முன்னால் தான் அழுத கதையை ஒவ்வொரு விசேஷத்துக்கும் சொல்வார். கேட்க அலுக்கவில்லை, உண்மையாகவே.

அப்புறம் பேச்சு பாப்பாவிடம் வந்தது. தனியார் பள்ளி பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். "அரசாங்கம் மட்டும் எடுக்கலையா? புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி எதுக்கு இருக்கு?" என்று சித்தப்பா கேட்டார். கேள்வி சரிதான். 1996-இல் புக்கிட் ஜாலில், இரண்டு வருடம் கழித்து ஜொகூரில் பண்டார் பெனாவார். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து விடுதியில் வைத்துத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே யார் வீட்டுப் பிள்ளை போனாலும் நாட்டுக்காக என்று ஒரு வார்த்தை இருக்கிறது. இங்கே பள்ளியின் விளம்பரப் பலகைக்காக. சொன்னேன். சித்தப்பா பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "பிள்ளைக்கு ரெண்டும் ஒரே சாப்பாடுதானே" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏப்ரல் 16

எடை மேடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சிறுதோட்டக்காரர் பழைய லாரியில் குலை கொண்டுவந்தார். பாரத்தோடு ஏற்றி, குலையை இறக்கிவிட்டு, வெறும் லாரியை மறுபடி ஏற்றி, கழித்துச் சீட்டு கொடுத்தேன். காய் அதிகம் என்று கிரேடிங்கில் கொஞ்சம் வெட்டினார்கள். முணுமுணுத்தார், வாங்கிக்கொண்டு போனார். மரம் வளர்த்தவருக்கு எடைக்குக் காசு கிடைத்தது. செம்மோர் பிள்ளையின் பழைய ஆசிரியருக்கு யார் சீட்டு கொடுத்தார்கள்?

ஏப்ரல் 18, சனி

பாப்பா 800 மீட்டரில் 2 நிமிடம் 26. புல்லில்.

இரவு ஒரு வழக்கைப் படித்தேன். டென்னசி மாநிலம், பிரென்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளி. 1997-இல் அதன் அமெரிக்கன் ஃபுட்பால் கோச், அடுத்த வருடம் சேரப் பதிந்திருந்த எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: வசந்தகாலப் பயிற்சிக்கு வரலாம் என்று. கீழே "உங்கள் கோச்" என்று கையெழுத்து. அவ்வளவுதான். மாநில விளையாட்டுச் சங்கம் ஆள் பிடிக்கிறாய் என்று 3,000 டாலர் அபராதம் போட்டது, நாலு வருடம் கண்காணிப்பில் வைத்தது. பள்ளி வழக்குப் போட, அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் இரண்டு முறை போயிற்று. 2001-இல் ஐந்துக்கு நாலு என்று ஒரு தீர்ப்பு: சங்கம் அரசாங்கத்தைப் போல நடந்துகொள்கிறது, அரசியல் சட்டம் அதற்கும் பொருந்தும். 2007-இல் கடைசித் தீர்ப்பு: சரி, ஆனாலும் ஆள் பிடிக்கக்கூடாது என்ற விதி பேச்சுரிமையை மீறவில்லை. சங்கம் ஜெயித்தது.

ஒரு கடிதத்துக்குப் பத்து வருடம். இங்கே என் அக்கா ஒரு கடிதத்துக்காகத் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள்.

ஏப்ரல் 20

வந்துவிட்டது. தபாலில்தான். முத்திரையோடு.

ஏப்ரல் 21

1.65.

ஏப்ரல் 22

கடிதத்தை இன்று நிதானமாகப் படித்தேன். படிப்புக் கட்டணம் முழுக்க இல்லை. விடுதி இல்லை. இரண்டு வேளைச் சாப்பாடு உண்டு. சீருடை, பயிற்சி உடை, காலணி தருகிறார்கள். காலணி என்ற இடத்தில் பாப்பா விரலை வைத்துக்கொண்டு நின்றாள். நான் அதற்குக் கீழே உள்ள வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: "உபகாரச் சம்பளம் ஆண்டுதோறும் மாணவரின் விளையாட்டுத் திறனைப் பொறுத்து மறுபரிசீலனை செய்யப்படும்."

கால் பிசகினால்? படிவம் ஐந்தில், எஸ்.பி.எம். அரசாங்கத் தேர்வு வருடத்தில், தசைநார் கிழிந்தால்? அப்போது கட்டணத்தை யார் கட்டுவது? திரும்பி இங்கே வந்தால் எந்த வகுப்பில் உட்காருவாள்? அக்காவிடம் கேட்டேன். "நீ எப்பவும் விழறதை மட்டும்தான் பார்ப்ப" என்றாள்.

ஏப்ரல் 23

பாப்பாவின் பள்ளிக்குப் போனேன். விளையாட்டு ஆசிரியை அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாவட்டப் போட்டிக்கு 4x400 அணியைப் பாப்பாவைக் கடைசியில் வைத்துத்தான் கட்டியிருக்கிறார். மற்ற மூன்று பேரும் இரண்டு வருடமாக அவளோடு ஓடுகிறவர்கள். "போகாதேன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல சார்" என்றார். மூன்று முறை சொன்னார்.

இல்லினாய்க்காரர்களின் பெருக்கலில் இது வராது. அவர்கள் போகிற பக்கத்தில் தலையை எண்ணுகிறார்கள். விட்டுப் போன பக்கத்தில் ஒரு தலை குறைந்தால் நாலு பேர் ஓடுவது நிற்கிறது, அதற்கு எந்த எண்?

ஏப்ரல் 25

ஒரு யோசனை. தாத்தா தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட், போட்டவர். 1960-இல் அமைச்சராக இருந்த வி. தி. சம்பந்தன் ஆரம்பித்தது. வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். இதே சுங்கை சிப்புட் தொகுதிக்காரர்தானே சம்பந்தன். அப்படி ஊர் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு ஸ்பைக்கும், மாதம் நாலு முறை ஈப்போ ரப்பர் பாதைக்கு வேன் வாடகையும் போட முடியாதா? காகிதத்தில் கணக்குப் போட்டேன். அப்படி ஒன்றும் பெரிய தொகை இல்லை.

அக்காவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். "அப்போ பத்து வெள்ளி போட லயம் முழுக்க ஆள் இருந்துச்சு. இப்போ லயத்துல யாரு இருக்கா?" என்றாள்.

லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் பாதி காலி. மீதியில் பங்களாதேஷ் பையன்கள்.

ஏப்ரல் 26

பாப்பாவிடம் இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை என்பது இன்றுதான் உறைத்தது. கேட்டேன். குனிந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டே, "அந்த அக்கா கூடப் பயிற்சி செஞ்சா நான் அவங்களை ஜெயிச்சிருவேன் மாமா" என்றாள். செம்மோர் பிள்ளையைச் சொல்கிறாள். நியாயம், எல்லை, பெருக்கல் எதுவும் அவள் தலையில் இல்லை. அந்தக் கடைசி வளைவு மட்டும் இருக்கிறது.

ஏப்ரல் 28

காயம் பட்டால் உபகாரச் சம்பளம் என்ன ஆகும் என்று கேட்டு அவர்களுக்கு ஈமெயில் அனுப்பினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். முந்தைய பள்ளிக்கு ஏதாவது உதவி செய்யும் வழக்கம் உண்டா என்றும் கடைசியில் ஒரு வரி. அதை எடுத்துவிடு என்று அக்கா சொன்னாள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 30

பதில் இல்லை.

மே 2, சனி

2 நிமிடம் 24. இரண்டு கடிகாரத்திலும் பார்த்துவிட்டேன். ஆசிரியை கத்திய கத்தலில் பக்கத்துத் திடலில் பந்து விளையாடியவர்கள் நின்றுவிட்டார்கள். அஞ்சலோட்டப் பிள்ளைகள் மூன்று பேரும் அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். அவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

மே 4

பதில் இல்லை. சேர்க்கைப் படிவம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. அக்கா அடையாள அட்டை நகல் எடுத்து, பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து நெகிழி உறையில் போட்டு வைத்துவிட்டாள். கையெழுத்து மட்டும் பாக்கி. நாளைக்குக் காலை ஷிஃப்டை மாற்றிக்கொண்டேன். நேரிலேயே போய்க் கேட்டுவிடுகிறேன்.