அம்பாசிடரில் இசுசு எஞ்சின்: ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் செய்து வாங்கிய அனுபவம்

பழைய அம்பாசிடருக்கு எஞ்சின் மாற்றியவர்களிடம் பேசினால் மவுண்ட், ரேடியேட்டர், வயரிங் என்று ஒவ்வொன்றையும் விலாவாரியாகச் சொல்வார்கள். கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பற்றிக் கேட்டால் மட்டும் "லேத்தில் கொடுத்தால் வெட்டி ஒட்டித் தருவார்கள்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். என் வண்டியில் அதிக யோசனை பிடித்த வேலை அதுதான். அடுத்து செய்யப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என்னுடையது 1977ஆம் வருட மார்க் 3. பி.எம்.சி. வடிவமைப்பில் வந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் போடும் நாலு கியர் பாக்ஸும் இருந்தன. அவற்றை இறக்கிவிட்டு, சென்னை புதுப்பேட்டையில் கிடைத்த கான்டெசா காரின் 1817 சிசி இசுசு எஞ்சினையும் அதோடு வந்த ஐந்து கியர் பாக்ஸையும் ஏற்றினேன். அந்த வண்டிக்கு இது அந்நியமான எஞ்சின் இல்லை. தொண்ணூறுகளில் இந்துஸ்தான் மோட்டார்ஸே இசுசு 1800 எஞ்சினோடு அம்பாசிடரை விற்றது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதி வேண்டும். அதை முதலில் முடித்துவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

அப்படியானால் இசுசு அம்பாசிடரின் ஷாஃப்டையே வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் தேடினேன். கண்ணில் பட்டதெல்லாம் ஸ்பிளைன் (முனையில் இருக்கும் நீளவாக்குப் பல்வரிசை) தேய்ந்தவை. அதோடு, எஞ்சின் என் வண்டியில் உட்கார்ந்த இடத்துக்கு நீளமும் ஒத்துவரவில்லை. முன்பக்கம் கான்டெசா கியர் பாக்ஸ், பின்பக்கம் பழைய அம்பாசிடரின் பின் அச்சு ஹவுசிங். இரண்டையும் சேர்க்க ஒரு ஷாஃப்டைப் புதிதாகச் செய்வதுதான் வழி.

சேலத்தில் முதலில் விசாரித்த ஒரு பட்டறையில் பழைய ஷாஃப்டைப் பார்த்த உடனே, "கொடுத்துட்டுப் போங்க, சாயந்திரம் வாங்கிக்கலாம்" என்றார்கள். சுற்றும்போது அதிராதபடி எடையைச் சமன் செய்து பேலன்ஸ் செய்வீர்களா என்றதற்கு, "கார்தானே, தேவையில்லை" என்று பதில் வந்தது. கொடுக்காமல் திரும்பிவிட்டேன். என் வண்டியின் கிரௌன் விகிதத்துக்கு (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு), 100 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4000 சுற்று சுற்றும். ஓட்டுபவரின் இடுப்புக்குப் பக்கத்தில் அந்த வேகத்தில் சுழலும் இரும்புக் குழாய் அது. அதை எப்படி பேலன்ஸ் பார்க்காமல் மாட்டுவது?

அப்புறம் நாமக்கல் போனேன். லாரி பாடி கட்டும் ஊர், ஷாஃப்ட் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. நான் போன பட்டறைக்காரர் ஷாஃப்டைத் தொடவே இல்லை. என் அளவுச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வண்டி நாலு சக்கரத்துல நிக்கறப்ப அளந்தீங்களா, ஜாக்கில தொங்கறப்ப அளந்தீங்களா?" என்று கேட்டார். வேலையை இவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கேள்வியின் காரணம் இதுதான். அம்பாசிடரின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். பட்டை அமுங்கி நிமிரும்போது ஹவுசிங் மேலும் கீழும் போவதோடு முன்னும் பின்னும் கொஞ்சம் நகரும். அந்த நகர்வுக்கு இடம் கொடுப்பது கியர் பாக்ஸின் வாலுக்குள் நுழைந்து நிற்கும் ஷாஃப்டின் முன் முனை, அதாவது சிலைடிங் யோக். ஷாஃப்ட் நீளம் கூடிவிட்டால் பள்ளத்தில் விழும்போது யோக் உள்ளே போய் இடித்து கியர் பாக்ஸ் பேரிங்கைக் கெடுக்கும். குறைந்துவிட்டால் ஸ்பிளைன் பிடிப்பு போதாமல் யோக் ஆடும், புஷ் தேயும், ஆயில் ஒழுகும். அதனால் வண்டி காலியாக நிற்கும்போதும், பின்சீட்டில் ஆள் ஏற்றியும், பின் சக்கரங்களைத் தொங்கவிட்டும் தனித்தனியாக அளந்து வைத்திருந்தேன். யோக்கை முழுக்க உள்ளே தள்ளி, பிறகு 25 மி.மீ. வெளியே இழுத்து, வண்டி காலியாகச் சக்கரத்தில் நிற்கும் நிலையில் எடுத்த அளவைத்தான் நீளமாக வைத்துக்கொண்டோம். மற்ற இரண்டும் நகர்வு எவ்வளவு என்று சரிபார்க்க உதவின.

ஆனால் நீளத்துக்கு முன்னால் கோணம். பட்டறைக்காரர் இதில் கறாராக இருந்தார், அது நியாயமும்கூட. கியர் பாக்ஸின் வால் எத்தனை டிகிரி கீழே சாய்கிறதோ, ஹவுசிங்கில் ஷாஃப்டின் சுழற்சியை வாங்கிக்கொள்ளும் பினியனின் மூக்கும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி மேலே பார்க்க வேண்டும். இரண்டும் இணையாக இருந்தால்தான், ஷாஃப்டின் இரு முனையிலும் மூட்டாக இருக்கும் சிலுவை வடிவ கிராஸ்களில் ஒரு கிராஸ் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்ற கிராஸ் சமன் செய்யும். என் வண்டியில் கியர் பாக்ஸ் மூன்றரை டிகிரி சாய்ந்திருந்தது, பினியன் அரை டிகிரிதான். பட்டை ஸ்பிரிங்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே 2 டிகிரி சரிவுள்ள ஆப்புத் தகடுகளை வைத்து அதை இரண்டரைக்குக் கொண்டுவந்தோம். மிச்சம் ஒரு டிகிரியை வேண்டுமென்றே விட்டோம், ஏனென்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் மூக்கு தானாகக் கொஞ்சம் தூக்கும். தகடு வைத்த பிறகு நீளத்தை மறுபடி அளந்தோம். கோணம் மாறினால் பினியனில் ஷாஃப்டை போல்ட் போட்டு மாட்டும் தட்டு, அதாவது ஃபிளேஞ்ச், நிற்கும் இடமும் மாறிவிடும்.

அடுத்தது யோக். கான்டெசாவோடு வந்த சிலைடிங் யோக்கில் ஆயில் சீல் உட்காரும் பளபளப்பான பகுதியில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நகம் மாட்டினால் சீல் எத்தனை முறை மாற்றினாலும் ஒழுகும். என்னுடையதில் மாட்டவில்லை, அதையே வைத்துக்கொண்டோம். அதன் கிராஸும் அம்பாசிடர் கிராஸும் வேறு வேறு சைஸ். முனைகளில் மாட்டும் நாலு கப்பில் இரண்டு ஒரு அளவும் மற்ற இரண்டு வேறு அளவுமாக வரும் கலப்பு கிராஸ் போடலாம்தான். ஆனால் பத்து வருடம் கழித்து நடுவழியில் அதை எங்கே தேடுவது? இரண்டு முனைக்கும் கான்டெசா கிராஸே போதும் என்று தீர்மானித்து, பின்பக்கத்துக்கு அந்தக் கிராஸ் உட்காரும் ஃபிளேஞ்ச் யோக்கை எடுத்து, அம்பாசிடர் பினியன் ஃபிளேஞ்சுக்குப் பொருந்தும்படி லேத்தில் கடைந்தார்கள்.

காசு அதிகம் போனதும் கவனம் அதிகம் போனதும் இந்தக் கடைசலில்தான். நாலு போல்ட் துளையும் ஒத்துப்போனால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஃபிளேஞ்சை நடுவில் நிறுத்துவது போல்ட் இல்லை, மையத்தில் இருக்கும் அந்த வட்ட மேடு. அது எதிர்ப்பக்கக் குழியில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். துளைகள் சரியாக இருந்து மேடு லூசாக இருந்தால் ஷாஃப்ட் மையம் விலகிச் சுற்றும், அப்புறம் எந்த பேலன்ஸும் உதவாது. என்னுடையதைக் கடைந்து, மாட்டிப் பார்த்து, மறுபடி மயிரிழை அளவு கடைந்து, கையால் அழுத்தினால் இறுக்கமாக இறங்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள்.

குழாய்க்கு 3 இன்ச் விட்டம், 2 மி.மீ. சொச்சம் தடிமன். பழையதைவிடப் பருமன்தான். ஐந்தாவது கியரில் எஞ்சினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும். ஒல்லியான நீளக் குழாய் ஒரு வேகத்துக்கு மேல் நடுவில் வில்லாக வளைய ஆரம்பிக்கும். விட்டம் கூடினால் அந்த எல்லை தள்ளிப்போகும். வண்டித் தரையில் ஷாஃப்டுக்காக விட்டிருக்கும் டனல் பக்கங்களில் உரசாதா என்பதை மட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

வெல்டிங்கை நின்று பார்த்தேன். யோக்கைக் குழாய்க்குள் அடித்து இறக்கி, இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் யோக்கின் காதுகள் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் புள்ளி வைத்தார்கள். லாரி ஷாஃப்டில் நடுவில் ஸ்பிளைன் இருக்கும், காது மாறிவிட்டால் கழற்றித் திருப்பலாம். இதில் பற்றவைத்தால் வைத்ததுதான். பிறகு டயல் கேஜில் உருட்டி, நடுக்குழாயின் ஆட்டம் அரை மி.மீ.க்குள் வந்த பிறகுதான் முழுச் சுற்றும் பற்றவைத்தார்கள்.

பேலன்ஸ் மெஷின் லாரி ஷாஃப்டுக்கானது. என் சின்ன ஃபிளேஞ்ச் அதில் உட்கார ஒரு இடைத்தட்டு கடைய வேண்டியிருந்தது. அதிலும் மையக் குழி அளவாக இருந்தது. ஷாஃப்ட் சுற்றியதும் எந்த முனையில், எந்தக் கோணத்தில், எத்தனை கிராம் என்று திரையில் வந்தது. அந்த இடத்தில் சாக்பீஸ் குறி போட்டு, சின்னத் தகட்டைக் கிளிப்பில் மாட்டி மறுபடி சுற்றிப் பார்த்து, சரியான பிறகே பற்றவைத்தார்கள். வண்டியில் மாட்டப்போகும் அதே கிராஸ், அதே யோக்கோடுதான் இதைச் செய்ய வேண்டும்.

எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிந்தது. மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அம்பாசிடர் பக்கம் இன்ச் மரை, இசுசு பக்கம் மில்லிமீட்டர் மரை. கைக்கு வந்த போல்டைப் போடாமல், நல்ல ஹைடென்சைல் போல்டும் லாக் நட்டும் புதிதாக வாங்குங்கள்.

சேலம் நாமக்கல் சாலையில் 60இல் இருந்து 100 வரை ஒவ்வொரு வேகமாக நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். தரையிலும் அதிர்வு இல்லை, சீட்டிலும் இல்லை. 500 கி.மீ. ஓடியதும் ஃபிளேஞ்ச் போல்டுகளையும், ஆப்புத் தகடு வைத்த இடத்தின் யூ போல்டுகளையும் மறுபடி இறுக்கினேன். ஷாஃப்ட் போல்டு அசையவில்லை, யூ போல்டு நாலுமே கால் சுற்று ஏறியது. தகடு வைப்பவர்கள் அதை மறந்துவிட வேண்டாம்.