போர்ச்சுகலில் மோட்டார்ஹோம் பயணம்: இரவில் எங்கே நிறுத்துவது?

படுக்கையும் சமையலறையும் உள்ளேயே கொண்ட மோட்டார்ஹோம் வண்டியை எடுத்தால் மனம்போன இடத்தில் வண்டியை நிறுத்தி, மறுநாள் காலையில் கடலைப் பார்த்தபடி கண்விழிக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் பலரும் போர்ச்சுகலுக்குக் கிளம்புகிறார்கள். அந்நாட்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சாலைச் சட்டத் திருத்தம், அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் மோட்டார்ஹோமில் இரவு தங்கக் கூடாது என்று தடை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் அதே ஆண்டு ஆகஸ்டில் அது தளர்த்தப்பட்டு, ஒரே நகராட்சி எல்லைக்குள் அதிகபட்சம் 48 மணி நேரம் தங்கலாம் என்றானது. ஆனால் இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளுக்கும், கடலோர மேலாண்மைத் திட்டத்துக்குள் வரும் நிலப்பகுதிகளுக்கும் இந்தத் தளர்வு பொருந்தாது. அழகான கடற்கரைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் ஏதாவது ஒன்றில் அடங்கிவிடும். இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை ஆட்களோடு வண்டி நின்றால் அது தங்கல் என்று சட்டமே வரையறுத்திருப்பதால், "சற்று ஓய்வெடுக்கிறோம்" என்று காவலரிடம் சொல்லித் தப்பவும் வழியில்லை. என் மனைவியும் மகளும் நானும் சென்னையிலிருந்து சென்று மேற்கொண்ட இந்தப் பயணத்தின் பாதையை, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைவிட இந்த விதிதான் அதிகம் தீர்மானித்தது.

விசாவிலேயே இந்தக் கேள்வி எழுந்துவிடுகிறது. ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவோம் என்று காட்ட வேண்டும். விடுதி முன்பதிவு இல்லாதவர் என்ன செய்வது? வண்டி வாடகை ஒப்பந்தத்தையும், இத்தகைய வண்டிகளை இரவில் நிறுத்தித் தங்குவதற்கான முகாம்களில் பெரும்பாலான இரவுகளுக்குச் செய்த முன்பதிவுகளையும், நாள்வாரியான பயணத் திட்டத்தையும் இணைத்துக் கொடுத்தோம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லோருக்கும் கட்டாயம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும், அதோடு நம் ஊர் அசல் உரிமத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும் வண்டியின் மொத்த எடை 3.5 டன்னுக்குள் இருப்பதை உறுதி செய்துகொள்வது நல்லது. அங்கே சாதாரண கார் உரிமத்துக்கு அதுவே வரம்பு.

லிஸ்பனுக்கு வெளியே இருந்த வாடகை நிலையத்தில் வண்டியை நம்மிடம் ஒப்படைக்கும் நிகழ்வை அவசரப்படாமல் நடத்திக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முன்பணமாக ஒரு பெரிய தொகையைக் கிரெடிட் கார்டில் முடக்கி வைப்பார்கள் என்பதால், கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வரம்பையும் உயர்த்தியிருந்தோம். காப்பீட்டுத் தாளில் நான் முதலில் தேடியது, எதற்கெல்லாம் இழப்பீடு கிடையாது என்ற பத்தியைத்தான். கூரை, வண்டியின் அடிப்பகுதி, மண்பாதையில் ஏற்படும் சேதம் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. ஊழியர் ஒவ்வொரு கருவியையும் இயக்கிக் காட்டியபோது என் மகள் அதை முழுக்கக் காணொளியாக எடுத்துக்கொண்டாள். குளிர்சாதனப் பெட்டி மூன்று வழிகளில் இயங்கும்: ஓடும்போது வண்டியின் 12 வோல்ட் மின்சாரம், முகாமில் 230 வோல்ட், இரண்டும் இல்லாத இடத்தில் கேஸ். இதை மாற்ற மறந்தால் மறுநாள் பால் திரிந்திருக்கும். கிளம்பும் முன் சிலிண்டரின் வால்வை மூடி, கூரைச் சாளரங்களை இறக்கி, அலமாரிப் பூட்டுகளை அழுத்திப் பார்க்கும் வேலையை மனைவி ஏற்றுக்கொண்டார். வண்டியின் உயரத்தை முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். பெட்ரோல் நிலையக் கூரையோ பல்பொருள் அங்காடி வாசலில் தொங்கும் குறுக்குக் கம்பியோ கண்ணில் படும்போதெல்லாம் அந்த எண்ணைத்தான் பார்த்தேன்.

இடப்பக்கம் அமர்ந்து சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது சில மணி நேரத்தில் கைக்கு வந்துவிடுகிறது. ரவுண்டானாக்களில்தான் கவனம் தேவை. முதல் வெளிவழியில் பிரியாதவர்கள் வெளிப்புறத் தடத்தைப் பிடிக்கக் கூடாது என்பது 2014 முதல் அங்கே சட்டம். எனவே உள்தடத்தில் சுற்றிவந்து, பிரிய வேண்டிய வழிக்குச் சற்று முன்பாக வெளியே வர வேண்டும். பின்சக்கரங்களைத் தாண்டி நீண்டிருக்கும் உடற்பகுதி திரும்பும்போது எதிர்ப்பக்கம் வீசும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சுங்கக் கட்டணத்துக்கு, வண்டியில் ஏற்கெனவே பொருத்தியிருந்த வியா வெர்டே கருவி போதுமானதாக இருந்தது. முன் அச்சுக்கு நேர்மேலே வண்டியின் உயரம் 1.10 மீட்டரை எட்டினால் அது இரண்டாம் வகுப்பு; காரைவிடக் கட்டணம் கூடுதல். நாட்டின் தென்கோடிப் பகுதியான அல்கார்வேயைக் குறுக்காகக் கடக்கும் ஏ22 நெடுஞ்சாலையில் 2025 ஜனவரி முதல் கட்டணம் இல்லை.

கடலோரத்தை ஒத்திவைத்து, முதலில் அலென்டெஜு சமவெளிக்குப் போனோம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நிலம் அது. நாங்கள் சென்ற மே மாதத்தில் வயல்கள் இன்னும் முழுதாகக் காயவில்லை. அங்குள்ள எவோரா நகரின் பழைய மதிலுக்குள் வண்டியை ஓட்ட முயலவே வேண்டாம். முகாமில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் போய், ரோமானியக் கோயிலையும், மனித எலும்புகளால் சுவரெழுப்பிய தேவாலயத்தையும் நிதானமாகப் பார்த்தோம். வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் நட்டுவைத்த, அருகிலுள்ள அல்மென்ட்ரெஸ் கற்களுக்குச் செல்லும் வழி மண்பாதை. காப்பீட்டுத் தாளில் படித்தது நினைவிருந்ததால் குவாடலூபே கிராமத்திலேயே வண்டியை விட்டுவிட்டு நடந்தோம். அந்த நடையில்தான் தக்கை மரங்களை மிக அருகில் பார்க்க முடிந்தது. பட்டை உரித்த அடிமரம் செங்காவி நிறத்தில் வழவழப்பாக இருக்க, அதன்மேல் வெள்ளை வண்ணத்தில் ஒரே ஓர் இலக்கம் எழுதப்பட்டிருக்கும். உரித்த ஆண்டின் கடைசி இலக்கம் அது. 3 என்று இருந்தால் 2023இல் உரித்தது. குறைந்தது ஒன்பது ஆண்டுகள் இடைவெளி விட வேண்டும் என்பதால், 2032 வரை அந்த மரத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். மகள் வழி நெடுகிலும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே வந்தாள்.

தண்ணீர் எடுப்பதும் கழிவை இறக்குவதும் பயணக் கட்டுரைகளில் இரண்டு வரியில் முடிந்துவிடும். நடைமுறையில் அன்றாடம் அதைச் சுற்றித்தான் நாள் நகர்கிறது. பல ஊர்களில் நகராட்சியே மோட்டார்ஹோம்களுக்கான சேவை நிலையம் அமைத்திருக்கிறது. தரையோடு பதித்த இரும்புச் சல்லடையின் மேல் வண்டியைச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தி, சமையலறையிலும் குளியலறையிலும் சேர்ந்த கழிவுநீரைத் திறந்துவிட வேண்டும். கழிவறையின் அடியிலுள்ள பெட்டியை வெளியே இழுத்து, சக்கரத்தில் உருட்டிச் சென்று, அதற்கென்று உள்ள குழியில் கொட்டிக் கழுவி, மருந்து ஊற்றித் திரும்ப மாட்ட வேண்டும். அங்கே இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்று குடிநீருக்கு, மற்றொன்று அந்தப் பெட்டியைக் கழுவுவதற்கு. யாரோ ஒருவர் அவசரத்தில் பெட்டியைக் குடிநீர்க் குழாயில் கழுவியிருக்கக்கூடும் என்பதால், குழாயின் வாயைத் துடைத்துச் சிறிது நேரம் தண்ணீரை ஓடவிட்ட பிறகே எங்கள் ரப்பர் குழாயை மாட்டினோம். நம் சமையலுக்கென்று ஒரு குறிப்பும் உண்டு: சோற்றை வடித்துக் கஞ்சியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் அது கழிவுநீர்த் தொட்டியில் தேங்கிப் புளித்து, வெயிலில் வண்டி முழுக்க நாறும். அதனால் அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்கினோம். தட்டுகளைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவினோம். முகாமில் நின்றதும் சமையல் மேடையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, சக்கரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் ஆப்புகளைக் கொடுத்துச் சமன்படுத்துவது என் வேலையானது. இதைச் செய்யாவிட்டால் வாணலியில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். படுத்தால் தலைப்பக்கம் தாழும்.

மேற்குக் கடலோரத்தில் விலா நோவா த மில்ஃபோன்டெஸ் முதல் சாக்ரெஸ் வரை ஏறத்தாழ முழுவதும் இயற்கைப் பூங்காவுக்குள் வருவதால், பகலில் கடலோரமும் இரவில் முகாமும் என்று பிரித்துக்கொண்டோம். கபோ சார்டாவ் கலங்கரை விளக்கின் அருகே செங்குத்தான பாறைகளில் வெண்நாரைகள் கூடு கட்டி, கீழே அலை மோத, குஞ்சுகளுக்கு இரையூட்டுகின்றன. வேறெங்கும் மரத்திலும் கோபுரத்திலும் வாழும் இப்பறவை கடற்பாறையில் குடியிருப்பதைக் காணவே ஒரு முழு முற்பகலை ஒதுக்கலாம். வடக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்று நீரைச் சில்லென்று வைத்திருக்கிறது. குளிக்க ஆசைப்படுபவர்கள் தெற்கே தவிராவின் பக்கம் போவதே மேல். சாவ் விசென்டே முனையில் சூரியன் மறைவதைப் பார்க்க வரிசையாக நின்ற மோட்டார்ஹோம்களில் சில அங்கேயே திரைகளை இழுத்துவிட்டுக்கொண்டன. அவற்றுக்கு அபராதம் விழுந்ததா என்பதைப் பார்க்க நாங்கள் நிற்கவில்லை. சாக்ரெஸ் முகாமின் வாயிற்கதவு அடைபடும் முன்பு போய்ச் சேர வேண்டியிருந்தது. தங்கியிருப்பதோடு நில்லாமல், வெளியே மேசை நாற்காலி போட்டு வெய்யில்மறைப்பை விரித்தால் அது முகாமிடல் ஆகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். 48 மணி நேரச் சலுகை அதற்கு உதவாது.

திருப்பிக் கொடுப்பதற்கு முந்தைய இரவை லிஸ்பனின் மொன்சான்டோ வனப்பூங்கா முகாமில் கழித்தது வசதியாக இருந்தது. காலையில் இரண்டு கழிவுத் தொட்டிகளையும் காலி செய்து, உட்புறத்தைத் துடைத்து, டீசலை நிரப்பி, ரசீதை எடுத்து வைத்துக்கொண்டோம். வாடகை நிலையத்தில் ஏணி போட்டுக் கூரை வரை பார்த்தார்கள். எடுக்கும்போதே இருந்த ஒரு கீறலைக் குறித்துக் கேள்வி எழுந்தபோது, மகள் முதல் நாள் எடுத்த காணொளி அதைத் தீர்த்துவைத்தது. முடக்கிய தொகையை அன்றே விடுவித்துவிட்டதாகச் சொன்னார்கள். அது கார்டு கணக்கில் திரும்பத் தெரிவதற்குள் நாங்கள் சென்னை வந்து சேர்ந்திருந்தோம். எனவே கடைசி நாள் செலவுகளுக்கு இன்னொரு கார்டைத் தனியாக வைத்திருப்பது நல்லது.