இருபத்தாறால் வகுக்க வேண்டும்

என் அப்பா வீட்டில்கூடச் சத்தமாகத்தான் பேசுவார். சேலத்து நூற்பாலை ஒன்றின் ஸ்பின்னிங் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு, இயந்திர இரைச்சலுக்கு மேலே ஏற்றிய குரல் ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் உள்ளே ஏதோ சண்டை நடக்கிறது என்று நினைத்து வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். இத்தனைக்கும் பல ஆண்டுகள் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர், ஆலை வாசல் கூட்டங்களில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவருடைய தலைமை அட்டை கிழிந்த ஒரு கணக்கு நோட்டில்தான் இருந்தது.

வரிசையாகச் சுழலும் கதிர்களுக்கிடையே நடந்துகொண்டே, அறுந்த இழைகளை எடுத்து ஒட்டுவது அவருடைய வேலை. இழை அறாமல் இருப்பதற்காகக் கொட்டகைக்குள் காற்றின் ஈரத்தைக் கூட்டியே வைத்திருப்பார்கள் என்பதால், சித்திரை மாதத்தில் அங்கே எட்டு மணி நேரம் நிற்பது எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பஞ்சு உடைக்கும் பிரிவில் இருந்த சிலருக்கு, வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுகி மூச்சு வாங்கும், மறுநாள் குறைந்துவிடும். லீவு நாளில் குடித்திருப்பான் என்று மேற்பார்வையாளர்கள் கேலி செய்தார்கள். அப்பா யாருக்கு எந்தக் கிழமையில் அப்படி வருகிறது என்று சில மாதங்கள் நோட்டில் குறித்து, அதை ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் தொடக்க அடையாளமே அந்த முதல் நாள் இறுக்கம்தான் என்பதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அவர் பெயர் நிலைத்தது, வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடைக் (கிராஜுவிட்டி) கணக்கில். அப்போதிருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் தரவேண்டும். அந்த ஒரு நாள் சம்பளத்தைக் கண்டுபிடிக்க, மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்க வேண்டும், ஏனென்றால் வாராந்தர விடுமுறையைக் கழித்தால் மாதத்தில் வேலை நாள் அவ்வளவுதான். ஆலை அலுவலகம் ஒருமுறை 30-ஆல் வகுத்து ஒருவருக்குக் காசோலை எழுதியிருந்தது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 7,800 ரூபாய், பணிக்காலம் 30 ஆண்டுகள். 26-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 300 ரூபாய், 30-ஆல் வகுத்தால் 260 ரூபாய். இந்த நாற்பது ரூபாய் கடைசியில் 18,000 ரூபாயாகிவிடும் என்பதை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பா அவருக்கு விளக்கியபோது நான் பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் திரும்பத் திரும்ப, "நாலு நாள்தானே அண்ணே வித்தியாசம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அப்பா அவரை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். 30 நாள்களுக்குள் தராமல் இழுத்தால் வட்டியும் சேர்த்துத் தரவேண்டும் என்பதால், வட்டியையும் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டுதான் போனார். வட்டியை விட்டுக்கொடுக்கும் பழக்கம் அவரிடம் இருந்ததே இல்லை.

சங்கத்துக்குள்ளேயே அவர்மீது வருத்தம் இருந்தது. அன்றைய தொழில் தகராறுச் சட்டப்படி, நிர்வாகத்துடன் நேரடியாகக் கையெழுத்திடும் 18(1) பிரிவு ஒப்பந்தம் அதில் சேர்ந்தவர்களைத்தான் கட்டுப்படுத்தும்; தொழிலாளர் அலுவலர் முன்னிலையில் சமரசமாகி எழுதப்படும் 12(3) ஒப்பந்தமோ, வேறு சங்கத்தில் இருப்பவர்களுக்கும், நாளை வேலைக்குச் சேரப்போகிறவர்களுக்கும் பொருந்தும். ஆடித் திருவிழா முடிந்து கோட்டை மாரியம்மன் கோயில் பந்தல் பிரித்தவுடன் தொடங்கும் போனஸ் பேச்சானாலும், சம்பள உயர்வானாலும், அப்பா 12(3)-ஐத்தான் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தா கட்டாதவனுக்கும் சேர்த்து நாம் ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, அவர்கள் குழந்தைகளுக்கும் தீபாவளி உண்டு என்று மட்டும் சொன்னாராம். கேட்டவர்களின் பக்கமும் நியாயம் இருந்தது என்றே எனக்கு இன்றும் தோன்றுகிறது. அவர்கள் மாதாமாதம் கட்டிய சந்தாவில்தான் சங்க அலுவலக வாடகையே போனது.

தொண்ணூறுகளின் நடுவில் ஆலை ஏழு மாதம் கதவடைப்பில் கிடந்தது. அப்போது வீட்டை நடத்தியவர் அம்மா. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றிலிருந்து வெள்ளி வாங்கிவந்து, கொலுசுக் கண்ணிகளைக் கோத்துக் கொடுப்பார். எடை போட்டுக் கொடுத்த வெள்ளி எடை போட்டே திரும்பிப் போக வேண்டும் என்பதால், வேலை முடிந்ததும் பாயை உதறி, விழுந்த துணுக்குகளை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பார். நாங்கள் அந்த நேரத்தில் மின்விசிறி போடக்கூடாது. அப்பா பகலெல்லாம் சங்க அலுவலகத்தில் இருந்துவிட்டு, இரவில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து கண்ணி கோப்பார். தடித்த விரல்களுக்கு அந்த வேலை கடைசிவரை பிடிபடவில்லை.

ஆலை திறந்த மாதத்தில் எங்களை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனார். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தம்பி வாந்தி எடுத்தான் என்பதைத் தவிர அந்தப் பயணத்தில் எனக்கு நினைவிருப்பது, லேடீஸ் சீட்டில் நின்று கீழே விளக்கேற்றியிருந்த ஊரில் அப்பா தன் ஆலையைத் தேடிக்கொண்டிருந்ததுதான். எங்களுக்குத் தட்டுவடை வாங்கித் தர மறந்துவிட்டார்.

அவர் இறந்த பிறகு அந்த நோட்டைப் புரட்டினோம். கடைசிப் பக்கங்களில் அம்மாவின் பெயரைத் தலைப்பிட்டு, கதவடைப்புக் காலத்துக் கொலுசுக் கூலியை மாதவாரியாக எழுதி, மேலே 'கடன்' என்று குறித்திருந்தார். அவருடைய சொந்தப் பணிக்கொடை வந்த தேதியில் முழுத் தொகையும் தீர்ந்ததாகக் கோடு கிழித்திருந்தார். அந்தப் பணம் தன் கணக்கில் எதற்காக வந்தது என்று அம்மாவுக்கு அதுவரை தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் முழுவதையும் விரலால் தொட்டுக் கூட்டிப் பார்த்தவர், நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கூட்டல் சரிதான். ஊருக்கெல்லாம் வாங்கிக் கொடுத்த மனுசன், எனக்கு வட்டி போடலியே."