ஆங்கில மெயிலில் நாள் தப்பும் இடங்கள்

'வெள்ளிக்கிழமைக்குள் தந்துவிடுகிறேன்' என்று மனதில் ஓடும்போது கை தானாக 'வித்தின் ஃப்ரைடே' என்று அடித்துவிடும். 'உள்' இருக்கிறதே, வித்தின் சரிதானே? சரியில்லை. வித்தினுக்குப் பின்னால் கால அளவுதான் வரும்: வித்தின் 3 டேஸ், வித்தின் அன் அவர். கிழமையோ தேதியோ மணியோ வந்தால் 'பை' போட வேண்டும்: பை ஃப்ரைடே, பை 5 பிஎம். பை ஃப்ரைடே என்றால் வெள்ளியும் சேர்த்தி. சாயங்காலம் அனுப்பினாலும் யாரும் குறை சொல்ல முடியாது. காலையிலேயே வேண்டுமென்றால் கேட்பவர்தான் மணியையும் சேர்த்து எழுத வேண்டும்.

இதைவிட வம்பு 'டில்'. 'ஐ வில் சென்ட் தி ரிப்போர்ட் டில் ஃப்ரைடே' என்று எழுதினால், வெள்ளி வரைக்கும் தினமும் அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்று பொருள் போகிறது. தமிழில் 'வரை' வந்தால் டில், அன்டில். 'குள்' வந்தால் பை, வித்தின். நம் மொழியிலேயே பிரிவு தெளிவாக இருக்கிறது, ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் கலந்துவிடுகிறோம்.

'ஐ வில் கால் யூ இன் 3 டேஸ்' என்றால் மூன்று நாள் கழித்துக் கூப்பிடுவார். நாளைக்கே போன் வரும் என்று காத்திருக்க வேண்டாம். 'வித்தின் 3 டேஸ்' என்றால் நாளைக்கேகூட வரலாம். ஆனால் 'ஐ ஃபினிஷ்ட் இட் இன் 3 டேஸ்' என்று இறந்தகாலத்தில் வந்தால், வேலைக்கு மூன்று நாள் பிடித்தது என்றுதான் பொருள்.

மீட்டிங்கை முன்கூட்டியே வைப்பது 'பிரிங் ஃபார்வர்ட்', தள்ளிப்போடுவது 'புஷ் பேக்' அல்லது 'போஸ்ட்போன்'. 'மூவ் ஃபார்வர்ட்' மட்டும் வேண்டவே வேண்டாம். புதன்கிழமை மீட்டிங் இரண்டு நாள் 'மூவ்ட் ஃபார்வர்ட்' என்றால் திங்களா வெள்ளியா என்பதில் ஆங்கிலேயர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. நம்மூர் 'ப்ரீபோன்' இங்கே எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு கிளையன்ட் விழிக்கக்கூடும். எந்தச் சொல்லைப் போட்டாலும் புதிய கிழமை, தேதி, மணி மூன்றையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

'நெக்ஸ்ட் ஃப்ரைடே'யும் இந்த ரகம்தான். செவ்வாயன்று சொன்னால் சிலருக்கு வருகிற வெள்ளி, சிலருக்கு அதற்கடுத்த வெள்ளி. தேதியை 05/12 என்று எண்ணில் போட்டாலும் தப்பிக்க முடியாது: நமக்கு டிசம்பர் 5, அமெரிக்கருக்கு மே 12. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

12 ஏஎம் என்பது நள்ளிரவு, அந்தத் தேதியின் தொடக்கம். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:10 என்றிருந்தால் 14ஆம் தேதி ராத்திரியே ஸ்டேஷனில் இருக்க வேண்டும். 15 ராத்திரி பெட்டியோடு போனால் ரயில் முந்தின ராத்திரியே போயிருக்கும். கெடுவை 'ஃப்ரைடே மிட்நைட்' என்று எழுதினாலும் இதே குழப்பம்தான். 'ஃப்ரைடே 11:59 பிஎம்' என்று போட்டால் கேள்வியே வராது.

பிரிட்டிஷ்காரர் போனில் 'ஹாஃப் செவன்' என்றால் நம் ஏழரைதான், 7:30. ஜெர்மன்காரர் அதையே தன் மொழியில் சொன்னால் 6:30. இருவரும் ஒரே போன் காலில் இருந்தால் எண்ணைச் சாட்டில் போடச் சொல்லுங்கள்.