மலை ஏறிய மருந்துப் பை

நேற்று விடியற்காலை நான்காவது பையும் மலை ஏறிவிட்டது. இனி மாதக் கடைசி வரைக்கும் அப்பாவுக்கு இன்சுலின் கவலை இல்லை. இந்த 2020 கொரோனா ஊரடங்கில், ஏப்ரல் முதல் வாரத்தில் நான் பட்ட பாடு யாராவது ஒருவருக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை.

அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் முப்பது வருடம் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவும் அவரும் மட்டும் மேலே. நான் சேலத்தில், அம்மாபேட்டையில். அப்பாவுக்குக் காலையில் 22 யூனிட், ராத்திரி 12. ஒரு பாட்டிலில் 400 யூனிட், பதினோரு நாள் வரும். எப்போதும் மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவார், டாக்டரைப் பார்ப்பார், மருந்து வாங்குவார், மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். மார்ச் 22 மக்கள் ஊரடங்கு முடிந்த கையோடு 24ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு 144 தடை உத்தரவு வந்ததும் பஸ் நின்றுபோனது. கையிருப்பு ஒன்றரை பாட்டில் என்று போனில் சொன்னார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏப்ரல் 9, மிஞ்சிப்போனால் 10.

மேலே இருக்கிற மருந்துக் கடையில் அவர் போடும் வகை தீர்ந்திருந்தது. கீழே எங்களுக்கும் லேசில்லை. ஆளாளுக்கு மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்கிவிட்டார்கள், கம்பெனியிலிருந்து சரக்கும் சரியாக வரவில்லை. நான்காவது கடையில்தான் கிடைத்தது. மூன்று பாட்டில் வாங்கினேன். கூடவே ஒரு சானிடைசர். 200 மில்லி நூறு ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லியிருந்த நேரம் அது. 100 மில்லிக்கே 180 கொடுத்தேன், பில் கேட்டதற்குக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஏப்ரல் 2, வியாழக்கிழமை. ரேஷன் கடைப் பக்கம் கொரோனா நிவாரண ஆயிரம் ரூபாய் டோக்கனோடு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. நான் ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி, நடுவில் பாட்டில்களை வைத்துப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வீட்டுக்காரர் வரவில்லை. வெள்ளிப் பட்டறையை மூடிய இரண்டாம் நாளே சும்மா எட்டிப் பார்க்கப் போனவரைப் போலீஸ் பிடித்துத் தோப்புக்கரணம் போட வைத்திருந்தது. ஐம்பது என்றார், எண்ணிக்கையில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதற்கப்புறம் மனிதர் வாசற்படி தாண்டவில்லை.

அஸ்தம்பட்டி, கோரிமேடு வரைக்கும் இரண்டு இடத்தில் நிறுத்தினார்கள், மருந்துச் சீட்டைக் காட்டினதும் விட்டுவிட்டார்கள். அடிவாரம் செக்போஸ்ட்டில்தான் மாட்டினேன்.

"ஆதார் அம்மாபேட்டைன்னு இருக்கு. மேல எதுக்கும்மா போறீங்க?"

அப்பாவுக்கு மருந்து என்றேன். சீட்டைக் காட்டினேன். சீட்டு அப்பா பெயரில் இருக்கிறது, தேதி நவம்பர். நான் அவர் மகள்தான் என்பதற்கு என்னிடம் எந்தக் காகிதமும் இல்லை. என் ஆதாரில் கணவர் பெயர். மலைக்கு வெளியாள் யாரும் போகக் கூடாது, அனுமதிச் சீட்டு வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் நின்று பார்த்தால் மலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் அப்பா. வண்டியைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்து பையைச் சமையல்கட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வெளியே போய் வந்தால் குளித்துவிட்டுத்தான் எதையும் தொடுவது என்று அப்போது புதுச் சட்டம். பால் பாக்கெட்டுக்குச் சோப்புத் தண்ணீர், காய்க்கு மஞ்சளும் உப்பும், மனிதருக்குக் குளியல். நான் குளிக்கிற பத்து நிமிடத்தில் அத்தை எனக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்துப் பையைப் பிரித்து, ஐஸோடு இருந்த பொருளாயிற்றே என்று மூன்று பாட்டிலையும் ஃப்ரீசரில் வைத்துவிட்டார். நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டி தட்டிக் கிடக்கிறது.

டாக்டருக்குப் போன் போட்டேன். உறைந்துபோன இன்சுலினை மறுபடி இளக்கினாலும் போடக் கூடாது, வேலை செய்யாது, எடுத்துப் போட்டுவிடுங்கள் என்றார். அத்தையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் யாருக்காவது வாங்கிக் கொடுத்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள்: ஃப்ரிட்ஜில் கதவுப் பக்கமோ காய்கறித் தட்டோ, அங்கே மட்டும்தான். ஃப்ரீசர் ஆகாது. அதேபோல் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் இருக்கிற பெட்டியும் ஆகாது, சேலத்து வெயிலில் அது அடுப்பு.

அனுமதிச் சீட்டு கொடுக்கிற அலுவலகத்துக்கு 3ஆம் தேதி போனேன். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. வாசலில் சுண்ணாம்பில் வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். வட்டத்துக்குள் செருப்பும் பையும் நின்றன, ஆட்கள் எல்லாம் வேப்பமர நிழலில் ஒன்றாக நின்றார்கள். என் முறை வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

எழுத்தர் கேட்டது ஒரே கேள்வி. "கல்யாணமா, சாவா, வைத்தியமா?"

வைத்தியம் என்றேன்.

"ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கா?"

"இல்லைங்க, சேர்க்கக் கூடாதுன்னுதான் மருந்து கொண்டு போறேன்."

சேர்த்திருந்தால்தான் அவசரமாம். ஊசி மருந்து அந்தக் கணக்கில் வராதாம். வேண்டுமானால் டாக்டரிடம் லெட்டர்பேடில் புதுத் தேதி போட்டுக் கடிதம், அப்பா ஆதார் நகல், என் ஆதார் நகல், வண்டி ஆர்சி நகல், உறவுக்கு ஆதாரம். கடைசி ஐட்டத்துக்கு என்ன கொடுப்பது என்று கேட்டேன். "நீங்கதான் யோசிக்கணும்" என்றார். அவர் மேலும் தப்புச் சொல்ல முடியாது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். கிளினிக் மூடியிருந்தாலும் வீட்டிலிருந்தே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அப்புறம்தான் புத்தியில் உறைத்தது, இதைக் காகிதமாக்க வேண்டும், ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடை திறந்திருக்கவில்லை. நகல் கேட்கிற அலுவலகம் திறந்திருக்கிறது, நகல் எடுக்கிற கடை மூடியிருக்கிறது! மளிகைக்கு நேரம் கொடுத்தார்கள், மருந்துக்குக் கொடுத்தார்கள், ஜெராக்ஸை யாரும் நினைக்கவில்லை. தெருத் தெருவாகக் கேட்டேன். கடைசியில் மூன்றாவது தெருவில் டியூஷன் எடுக்கிற டீச்சர் வீட்டில் பிரிண்டர் இருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக அடித்து வைத்த மாதிரி வினாத்தாள் கட்டுக் கட்டாக மேசையில் இருந்தது, பரீட்சைதான் தள்ளிப்போய்விட்டதே. இங்க் தீரப் போகிறது என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். உறவுக்கு ஆதாரமாக என் பத்தாம் வகுப்புச் சான்றிதழும், அப்பா பெயர் போட்ட பழைய கல்யாணப் பத்திரிகையும். அந்தப் பத்திரிகையைத் தேடப் பரண் முழுக்க இறக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் பிரதமர் சொன்னபடி எல்லோரும் விளக்கேற்றினார்கள். எங்கள் தெருவும் மொட்டை மாடியில் அகலோடு நின்றது. அந்த நேரம் பார்த்து அத்தைக்கு இருமல். கபசுரக் குடிநீர் குடித்துப் புரையேறின இருமல்தான், ஆனால் அக்கம்பக்கத்து மாடியில் இருந்த அத்தனை விளக்கும் எங்கள் பக்கம் திரும்பின மாதிரி இருந்தது. கீழே வந்ததும் அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், புறங்கையில் ஒருமுறை, உள்ளங்கையில் ஒருமுறை. தெர்மாமீட்டர் எந்தக் கடையிலும் இல்லை. அந்த ராத்திரி நான்கு தடவை எழுந்து தொட்டுப் பார்த்தேன். நாலாவது தடவை, "தூங்க விடு சாமி, உயிரோடதான் இருக்கேன்" என்றார்.

திங்கள் காலையில் காகிதக் கட்டோடு போனால் அலுவலகம் பூட்டியிருக்கிறது. மகாவீர் ஜெயந்தி. ஊரே பதினான்கு நாளாக லீவில் இருக்கும்போது அதற்குள் ஒரு லீவு வரும் என்று யாருக்குத் தோன்றும். செவ்வாய்க்கிழமை போய் இரண்டரை மணி நேரம் நின்று வாங்கினேன். ஒரு நாளைக்கு மட்டும் செல்லும் சீட்டு, மறுநாள் தேதி. அதே கையோடு மருந்துக் கடை. ஆளுக்கு இரண்டு பாட்டில்தான் என்றார்கள், ஊசி ஒரு பாக்கெட். அன்றைக்கு ஒரு மணிக்கே கடை அடைப்பு என்பதால் அவசரத்தில் பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. இது பின்னால் வரும்.

புதன்கிழமை அடிவாரம். சீட்டை நீட்டினேன். அன்றைக்கு ஒரு பெண் ஏட்டம்மா இருந்தார். சீட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். என் வண்டி TN 54. சீட்டில் TN 30 என்று அடித்திருந்தார்கள்.

அழுகை வந்துவிட்டது. முகக்கவசத்துக்குள் அழுதால் மூக்கு ஒழுகுவதைத் துடைக்கக்கூட முடியாது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஏட்டம்மா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, குடை நிழலில் உட்கார வைத்தார். உங்களை விட்டால் எனக்குத்தான் மெமோ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க மேல போகணுமா, இல்ல மருந்து போகணுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை ஒரு வாரமாக யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

தினம் விடியற்காலை பால் வண்டி மேலே போகிறது. காய்கறி வண்டி போகிறது. அவற்றுக்கு அனுமதி இருக்கிறது. பையில் பெயர், போன் நம்பர், யார் வாங்கிக்கொள்வார்கள் என்று எழுதி, மருந்துச் சீட்டு நகலைப் பின் குத்திக் கொடுத்துவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை என்றார். பால் வண்டி டிரைவர் நம்பரை அவரே வாங்கிக் கொடுத்தார்.

9ஆம் தேதி காலை நாலரை மணிக்குக் கோரிமேட்டில் நின்றேன். வண்டி வந்தது, ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பையைக் கொடுத்தேன், டிரைவர் பால் டிரேக்களுக்கு நடுவில் செருகினார். ஐஸ் பேக்கே தேவையில்லை போலிருந்தது, அவ்வளவு சில்லென்று இருந்தது உள்ளே. ஆறேகால் மணிக்கு அம்மா போன். "வந்துருச்சு கண்ணு. அப்பா ஒண்டிக்கடைக்கே நடந்து போய் வாங்கிட்டு வந்துட்டாரு." அவ்வளவுதான். பிழையான நம்பர் போட்ட அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

ராத்திரி ஏழு மணிக்கு அப்பாவே கூப்பிட்டார். "ஊசி மூடி ஏன் ஆரஞ்சா இருக்கு? எப்பவும் சிவப்பால்ல இருக்கும்?"

இதைக் கவனமாகப் படியுங்கள். நம் ஊரில் பாட்டிலில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு 40 அளவு போட்ட சிவப்பு மூடி ஊசி. பேனா ஊசிக்கு வரும் மருந்து ஒரு மில்லிக்கு 100 யூனிட், 100 அளவு ஊசிக்கு ஆரஞ்சு மூடி. மருந்து 40, ஊசி 100 என்று மாறிப்போனால், அப்பா 22 கோடு வரைக்கும் இழுத்தாலும் உள்ளே போவது ஒன்பது யூனிட்கூட இருக்காது. நேர்மாறாக, 100 மருந்தை 40 ஊசியில் இழுத்தால் இரண்டரை மடங்கு போய் ஆள் மயங்கி விழுந்துவிடுவார். கடைப் பையன் அவசரத்தில் மாற்றிக் கொடுத்திருக்கிறான், நானும் பார்க்கவில்லை. முப்பது வருடம் எடைச் சீட்டும் கூலிக் கணக்கும் எழுதின கண் அப்பாவுக்கு, அதனால்தான் தப்பித்தோம். பழைய சிவப்பு மூடி மூன்று மிச்சம் இருந்தது. 11ஆம் தேதி பால் வண்டியில் சரியான ஊசி போனது.

அப்புறம் எல்லாம் சுலபம். சேலம் மாநகராட்சியில் 26 முதல் 28 வரை முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் 25ஆம் தேதியே இரண்டு பாட்டில் அனுப்பிவிட்டேன். நேற்று இன்னும் இரண்டு. முந்தாநாள் டாஸ்மாக் திறந்தார்கள், வாசலில் மூங்கில் தடுப்பு, டோக்கன், பந்தல், ஒழுங்கு எல்லாம் பிரமாதம். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு அதில் கால்வாசி யோசித்திருக்கலாம்.

டிரைவர் அண்ணன் காசு வாங்க மாட்டேன் என்கிறார். நேற்று மத்தியானம் காலிப் பையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அரைக் கிலோ மிளகு, காபித் தூள், அத்தைக்கு என்று தனியாக ஒரு பொட்டலம். கூடவே கோடு போட்ட தாளில் அப்பா கையெழுத்து:

"வந்தது 6. உடைத்தது 3. இருப்பு 3. ஊசி சிவப்பு மூடி, சரிபார்த்தாயிற்று. துண்டு ஒன்று திருப்பி அனுப்பியிருக்கிறேன், வரவு வைத்துக்கொள்."