கார்க் திருகியில் முதலில் பார்க்க வேண்டியது சுருளைத்தான்

ஒயின் பாட்டிலைத் திறக்கும்போது கார்க் பாதியில் உடைந்துவிட்டால் எல்லோரும் கார்க்கைத்தான் திட்டுவார்கள். பழசு, காய்ந்துபோனது, மட்டமானது என்று. பல நேரம் குற்றம் திருகியில் இருக்கிறது. அதிலும் கார்க்குக்குள் இறங்குகிற அந்தச் சுருளில். கைப்பிடி மரமா எஃகா, நெம்புகோல் ஒன்றா இரண்டா என்பதெல்லாம் அதற்கப்புறம் யோசிக்க வேண்டியவை. சுருள் சரியில்லாத திருகிக்கு எவ்வளவு விலை உயர்ந்த கைப்பிடி போட்டாலும் பயனில்லை.

சுருளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கம்பியை வெற்றிடத்தைச் சுற்றி வளைத்தது. நுனிப் பக்கத்திலிருந்து பார்த்தால் நடுவில் ஓட்டை தெரியும். மற்றொன்று, நடுவில் திடமான தண்டு வைத்து அதைச் சுற்றிப் புரி வெட்டியது. பார்க்கத் தச்சரின் துரப்பணம் போலவே இருக்கும். இந்த இரண்டாவது வகையை வாங்க வேண்டாம். நடுத்தண்டு கார்க்கை ஒதுக்கிக்கொண்டு இறங்குகிறது, புரிகளின் ஓரம் கார்க்கைத் தூளாக்குகிறது. இழுக்கும்போது புரிகள் பிடித்துக்கொள்ள உறுதியான கார்க் மிச்சமிருக்காது. நடுப்பகுதி மட்டும் துருவியெடுத்தது போல மேலே வரும், மற்றது குழாய் போலக் கழுத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஓட்டை உள்ள சுருள் வேலை செய்யும் விதமே வேறு. நுனி போட்ட பாதையிலேயே கம்பி முழுவதும் வழுக்கிக்கொண்டு பின்தொடர்கிறது. பாம்பின் தலை போன வளையில் உடலும் போவது போல. கம்பி போன மெல்லிய தடம் தவிர மற்ற கார்க் வெட்டுப்படாமல் அப்படியே இருக்கும். இழுக்கும்போது ஒவ்வொரு சுற்றின் மேலும் உட்கார்ந்திருக்கும் கார்க் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. சோதிக்க ஒரு தீக்குச்சி போதும். சுருளின் நடுவே அது நேராக நுழைந்து வெளியே வந்தால் நல்ல சுருள்.

நுனியையும் கவனியுங்கள். அது சுருளின் வட்டத்திலேயே அமைந்திருக்க வேண்டும், நடு அச்சை நோக்கி வளைந்திருக்கக் கூடாது. நடுவுக்கு வளைந்த நுனி ஒரு தடம் போடும், பின்னால் வரும் கம்பிக்கு அந்தத் தடம் பொருந்தாது, அது தனக்கென்று அகலமாக இன்னொரு வழியைக் கிழித்துக்கொள்ளும். சுருளின் வெளிவிட்டம் 8 முதல் 10 மி.மீ. வரை, குறைந்தது ஐந்து முழுச் சுற்று, நீளம் 50 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. கம்பியின் மேற்பரப்பு விரலுக்கு வழவழப்பாக இருக்க வேண்டும். வார்ப்பில் விட்டுப்போன தையல் கோடு போன்ற விளிம்பு தட்டுப்பட்டால் அது கார்க்கை அறுக்கும்.

இவ்வளவு கவனம் ஏன் தேவை என்பது கார்க் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் புரியும். சாதாரண ஒயின் கார்க்கின் விட்டம் 24 மி.மீ. பாட்டில் கழுத்தின் உள்விட்டம் வாயருகே சுமார் 18.5 மி.மீ.தான். அடைக்கும் இயந்திரத்தின் தாடைகள் கார்க்கை 16 மி.மீ. அளவுக்கு நசுக்கி உள்ளே தள்ளுகின்றன. உள்ளே போனதும் அது விரிந்து கண்ணாடியை நெருக்கிப் பிடிக்கிறது. ஓக் இனத்து மரமொன்றின் பட்டைக்கு இப்படி நடந்துகொள்ளத் தெரிந்தது பெரிய அதிசயம்தான். காற்று அடைத்த நுண்ணறைகளால் ஆனதால் அதை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் ரப்பர் போலப் பிதுங்குவதில்லை. ரப்பர் அடைப்பானை இதே கழுத்தில் தள்ளினால் பக்கவாட்டில் உப்பிச் சிக்கிக்கொள்ளும்.

இந்தப் பிடியிலிருந்து கார்க்கை இழுக்கப் பொதுவாக 20 முதல் 40 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை தேவைப்படுகிறது. அதிலும் முதல் அசைவுதான் கடினம். அசையாமல் ஒட்டியிருக்கும் பரப்பின் உராய்வு, நகர ஆரம்பித்த பரப்பின் உராய்வைவிட அதிகம். ஒருமுறை அசைந்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

இதைப் புரிந்து வைத்திருந்தவர் சாமுவேல் ஹென்ஷால் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். 1795-இல் கார்க் திருகிக்கு முதல் காப்புரிமை வாங்கியவர் அவர். சுருளுக்கும் கைப்பிடித் தண்டுக்கும் நடுவே ஒரு சிறிய வட்டத் தகட்டை வைத்தார், அவ்வளவுதான். சுருள் முழுதாக இறங்கியதும் தகடு கார்க்கின் தலையில் முட்டி நிற்கும். மேலும் திருகினால் சுருள் இறங்க வழியில்லாததால் கார்க்கே சேர்ந்து சுழலும், கண்ணாடியோடு இருந்த ஒட்டு விடும். இழுப்பதற்கு முன்னால் ஒட்டை உடைத்துவிடு என்கிற இந்த யோசனைக்கு இன்றும் மதிப்புண்டு. சுருள் அதற்கும் முன்பே இருந்தது. துப்பாக்கிக் குழலில் சிக்கிய குண்டையும் அடைப்பையும் வெளியே எடுக்கப் பயன்பட்ட எஃகுச் சுருளிலிருந்து பிறந்தது என்பார்கள். 1681-இல் வெளியான இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அருங்காட்சியக அட்டவணையிலேயே பாட்டில் கார்க் எடுக்கும் எஃகுச் சுருள் பற்றிய குறிப்பு வருகிறது.

இன்று உணவகப் பணியாளர்களின் சட்டைப்பையில் இருக்கும் மடக்குத் திருகி, ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரைச் சேர்ந்த கார்ல் வீன்கே 1882-இல் காப்புரிமை பெற்றது. வெயிட்டர்ஸ் ஃப்ரெண்ட் என்பது அதன் பெயர். ஒரு கைப்பிடி, அதில் மடங்கும் சுருள், பாட்டில் விளிம்பில் ஊன்ற ஒரு முட்டுக்கால், பாட்டில் வாயைப் போர்த்தியிருக்கும் உறையை வெட்ட ஒரு சின்னக் கத்தி. முட்டுக்கால் கீலிலிருந்து சுருள் இருக்கும் தூரத்தைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு தூரத்தில் கை பிடிக்கிறது. எனவே 40 கிலோ விசை தேவைப்படும் கார்க்குக்குக் கை கொடுக்க வேண்டியது 10 கிலோ அளவுதான். வீட்டுக்கு ஒரே ஒரு திருகி என்றால் இதையே வாங்கலாம், முட்டுக்காலில் இரண்டு பள்ளம் உள்ளதாகப் பார்த்து. ஒற்றைப் பள்ளம் உள்ளதில் நெம்புகோல் பாதி வழியிலேயே சாய்ந்து, கார்க்கைப் பக்கவாட்டில் இழுக்கத் தொடங்கிவிடும். கார்க் உடைவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இந்தச் சாய்வுதான்.

திறக்கும் முறை இது. பாட்டில் வாயின் தடித்த வளையத்துக்குக் கீழே கத்தியை வைத்து உறையைச் சுற்றி வெட்டுங்கள். வளையத்துக்கு மேலே வெட்டினால் ஊற்றும்போது ஒயின் உறையின் விளிம்பில் படும். உறையை எடுத்ததும் ஈரத்துணியால் வாயைத் துடையுங்கள். 1990-களுக்கு முந்தைய பாட்டில்களில் ஈய உறை இருக்கக்கூடும், அங்கே இந்தத் துடைப்பைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்து, நுனியை கார்க்கின் நட்டநடுவில் வைக்காதீர்கள். நுனி சுருளின் வட்டத்தில் இருக்கிறது அல்லவா, அதனால் அதை நடுவிலிருந்து சுமார் 4 மி.மீ. தள்ளி வைத்தால்தான் சுருளின் அச்சு கார்க்கின் நடுவில் விழும். திருகியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து நுனியைக் குத்துங்கள், பிடித்ததும் நிமிர்த்தி வலம்சுழியாகத் திருகுங்கள். பாட்டில் அசையக்கூடாது, கை மட்டும் சுழல வேண்டும். கீழே அழுத்த வேண்டியதில்லை, நல்ல சுருள் தானே தன்னை இழுத்துக்கொண்டு இறங்கும். அழுத்தித்தான் திருக வேண்டியிருக்கிறது என்றால் நுனி மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

எத்தனை சுற்று? கார்க்குகள் 38, 44, 49, 54 மி.மீ. என்று பல நீளங்களில் வருகின்றன. ஒரு சுற்று வெளியே தெரியும்வரை திருகி நிறுத்துங்கள். முதல் பள்ளத்தை, அதாவது கீலுக்குப் பக்கத்தில் இருப்பதை, விளிம்பில் ஊன்றி இடது கையால் முட்டுக்காலையும் கழுத்தையும் சேர்த்து இறுக்கிப் பிடியுங்கள். இந்தப் பிடி தளர்ந்தால் முட்டுக்கால் வழுக்கும், கண்ணாடி விளிம்பு சிதறும். கைப்பிடியை நேர்மேலே தூக்குங்கள், உங்கள் பக்கம் இழுக்க வேண்டாம். கார்க் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் இன்னும் அரைச் சுற்று திருகி, முட்டுக்காலின் கடைசிப் பள்ளத்துக்கு மாற்றி மறுபடி தூக்குங்கள். கடைசி 5 மி.மீ.க்கு நெம்புகோலை விட்டுவிட்டு, விரலால் பிடித்து மெல்ல அசைத்து எடுங்கள். ‘டப்’ என்ற சத்தம் வருவது கார்க்குக்குக் கீழே உண்டான வெற்றிடத்தில் காற்று பாய்வதால். மெதுவாக எடுத்தால் சத்தமும் இல்லை, தெறிப்பும் இல்லை.

இரண்டு கை தூக்கிய மனிதன் போல நிற்கும் சிறகுத் திருகி பல வீடுகளில் இருக்கிறது. மேல் சாவியைத் திருகச் சிறகுகள் ஏறும், அவற்றைக் கீழே அமுக்கப் பற்சக்கரம் தண்டைத் தூக்கும். தத்துவம் நல்லது. குறை அதில் பொருத்தப்படும் சுருளில், பெரும்பாலும் அது துரப்பண வகையே. ஓட்டைச் சுருள் போட்டவையும் உண்டு, தேடிப் பார்த்து வாங்குங்கள். இன்னொரு சங்கடம், மணி போன்ற அதன் கூடு வாயை மூடிவிடுவதால் சுருள் நடுவில் இறங்குகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது.

அமெரிக்காவின் ஹூஸ்டனைச் சேர்ந்த பொறியாளர் ஹெர்பர்ட் ஆலன் 1979-இல் கொண்டுவந்த ஸ்க்ரூபுல் என்ற திருகி இந்தச் சங்கடங்களைத் தீர்த்தது. நீளமான, மெல்லிய, டெஃப்லான் பூசிய சுருள். பாட்டில் கழுத்தில் அமரும் சட்டம் சுருளைத் தானே நடுவில் நிறுத்துகிறது. ஒரே திசையில் திருகிக்கொண்டே இருந்தால் போதும். சுருள் இறங்கி முடிந்ததும் கைப்பிடி சட்டத்தில் முட்டி நிற்கும், அதன் பிறகு கார்க்தான் சுருளில் ஏறி வர வேண்டும். கையில் பலம் குறைந்தவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. பூச்சு தேய்ந்தால் திருகுவது கனக்கும், அப்போது சுருளை மட்டும் மாற்றலாம். பிளாஸ்டிக் கார்க் இந்தப் பூச்சை இயற்கைக் கார்க்கைவிட வேகமாகத் தேய்க்கும்.

முதிர்ந்த ஒயினுக்கு மட்டும் சுருளை மறந்துவிடலாம். இருபது முப்பது வருடக் கார்க் ஈரத்தில் ஊறி இளகியோ, பாட்டில் நிமிர்ந்தே நின்றிருந்தால் காய்ந்து பொடியாகவோ இருக்கும். அங்கே ஆ-சோ என்ற இரட்டைத் தகட்டுக் கருவி கைகொடுக்கும். இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகள், ஒன்று சற்று நீளம். நீளமானதை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகி, பிறகு மற்றதைச் செருகி, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி அடிவரை இறக்குங்கள். நேராக அமுக்கினால் கார்க் உள்ளே போய்விடும். அடைந்ததும் திருகிக்கொண்டே மேலே இழுங்கள். திருகலில் ஒட்டு விடும், அதே ஹென்ஷால் தத்துவம். ஏற்கெனவே தளர்ந்து ஆடும் கார்க்குக்கு இது ஆகாது. பிளாஸ்டிக் கார்க்குக்கும் ஆகாது, தகடு நுழைய இடம் தராது.

கார்க் பாதியில் உடைந்தால் பதற வேண்டாம். மிச்சத்தில் சுருளை மறுபடி நேராகக் குத்தினால் அது உள்ளே வழுக்கும். பாட்டிலைச் சாய்த்துக்கொண்டு சுருளையும் சாய்வாகப் பிடித்து, நுனி துண்டைக் கண்ணாடிச் சுவரோடு அழுத்தும்படி மெதுவாகத் திருகுங்கள். பிடித்ததும் அவசரப்படாமல் இழுங்கள். அதுவும் நடக்காவிட்டால் துண்டை உள்ளேயே தள்ளிவிட்டு, மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டி வேறு கலத்தில் ஊற்றுங்கள். கார்க் தூள் ஒயினைக் கெடுக்காது, வாயில்தான் உறுத்தும். தள்ளும்போது உள்ளழுத்தத்தால் ஒயின் பீய்ச்சும், வாயைத் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள்.

மெழுகு முத்திரை போட்ட பாட்டிலில் மெழுகைச் சுரண்டத் தேவையில்லை. மெழுகின் வழியாகவே திருகி, கார்க்கைப் பாதி தூக்கி, உடைந்த மெழுகைத் துடைத்த பிறகு மீதியை எடுங்கள்.

ஷாம்பெயின் போன்ற நுரைக்கும் ஒயினில் எந்தத் திருகியையும் வைக்காதீர்கள். உள்ளே 5 முதல் 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, சுருள் கார்க்கைத் தளர்த்தினால் எல்லாம் முகத்தை நோக்கி வரும். கம்பிக் கூண்டை ஆறு அரைச் சுற்றில் தளர்த்தி, கட்டைவிரலைக் கார்க்கின் மேலிருந்து எடுக்காமல், பாட்டிலை 45 பாகை சாய்த்து ஆளில்லாத பக்கம் திருப்பி, கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள்.

திருகியைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட வேண்டாம், கீல்கள் துருப்பிடிக்கும், பூச்சு உரியும். வேலை முடிந்ததும் கார்க்கைச் சுருளிலிருந்து இடம்சுழியாகத் திருகிக் கழற்றுங்கள், பிடித்து இழுத்தால் சுருள் நீண்டுவிடும். துடைத்து உலர்த்தி, எப்போதாவது கீலில் ஒரு துளி சமையல் எண்ணெய் விட்டால் போதும். நுனி வளைந்துவிட்டால் இடுக்கியால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அது பழைய வட்டத்துக்குத் திரும்பாது, கோணலாகவே இறங்கி அடுத்த கார்க்கைக் கிழிக்கும். சுருள் தனியாகக் கிடைத்தால் அதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் திருகியையே மாற்றிவிடுங்கள்.