மெர்க்குரியின் கூரையைத் தாழ்த்தும்போது

1949–51 மெர்க்குரி கூப்பே என்ற இரண்டு கதவு அமெரிக்கக் காரின் கூரையை வெட்டித் தாழ்த்துவதில் பாதி வேலை, வெட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கதவுகளைச் சாத்தி, இடைவெளி சரிபார்த்து, உள்ளே இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவையுங்கள். இல்லாவிட்டால் பாடி விரிந்து, கதவு பிறகு பொருந்தாது.

முன்கண்ணாடியின் இருபுறமும் கூரையைத் தாங்கும் முன் தூண்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை. அதனால் 4 அங்குலம் இறக்கினால் கூரை விளிம்பு தூணுக்குப் பின்னால் தள்ளி நிற்கும். தூணை இன்னும் சாய்க்கலாம், அல்லது கூரையைக் குறுக்கே வெட்டி இடையில் தகடு சேர்க்கலாம். பின்கண்ணாடியை வெட்டாமல் முன்பக்கம் படுக்க வைப்பதே அழகு. கூரைக்கோடு வழுக்கிக்கொண்டு இறங்கும். டெம்பர்டு (சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்துக் கடினமாக்கிய) கண்ணாடியை வெட்டவே முடியாது, நொறுங்கிவிடும். லேமினேட்டட் (நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டிய) கண்ணாடியை வெட்டலாம்.

வெல்டிங்கை ஒரே இழுப்பாக ஓட்டாதீர்கள், தகடு நெளியும். இடம் மாற்றி மாற்றிப் புள்ளி புள்ளியாகப் பற்றவையுங்கள். குரோம் பட்டை கழற்றிய ஓட்டைகளை, பின்னால் செம்புத் தகடு பிடித்து அடையுங்கள். வெறும் பட்டி பூசினால் பின்னாளில் வெடிக்கும்.